திரும்ப வாங்கிய சாட்சி

லிஃப்ட்காரர் என்றதும் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடமே அப்படிக் கேட்டால் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் முப்பத்தொரு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறையில் தொடங்கி, இரும்புக் கயிறு, பிரேக், கதவு என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அடியிலுள்ள குழிக்குள் இறங்கிப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் மறுபடி மேலே ஏறி, அங்கே சுவரில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். ஒரு கட்டடத்து மேனேஜர், "நேரமாச்சு, கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க, அடுத்த மாசம் சேர்த்துப் பாத்துக்கலாம்" என்று சொல்லப்போக, "சேர்த்து விழுந்தா யாரு சார் பாத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டு லிஃப்டையே நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது அவருக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட மனுஷன்தான் ஒருநாள் அறுநூறு பேர் கூடியிருந்த சபையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடக்காததை நடந்ததாகச் சொன்னார். என்னத்தைச் சொல்ல.

பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவார், மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார், காணிக்கைப் பை வரும்போது மட்டும் அசைவார். ஜெபமெல்லாம் மோட்டார் அறையில்தான். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், "ஆண்டவரே, இதுல ஏறி இறங்குற யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்பார். அவ்வளவுதான். பெரிய பெரிய ஜெபமெல்லாம் அவருக்கு வராது. ஆண்டவரும் அதற்குமேல் அவரிடம் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பொருந்தாத ஃபிரேமை ஆசையாக எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறவரிடம், "நீங்க கண்ணாடி போட்ட மாதிரி இல்ல சார், கண்ணாடி உங்களைப் போட்ட மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். ஆனாலும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். புருஷனையும் விட்டுவைக்க மாட்டாள். "மேல போறதும் கீழ வர்றதும்தான் இவரு பொழப்பு, நடுவுல எங்கயும் நிக்கத் தெரியாது" என்பாள்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆனது. முடி கொட்டியது, பிறகு முளைத்தது. தினமும் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். ஒன்றரை வருஷம் கழித்து முதுகு வலிக்க ஆரம்பித்தபோது மறுபடி அதுதானோ என்று இரண்டு பேரும் நினைத்தார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. டாக்டர் ஸ்கேனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். அதற்கு முந்தைய வாரம் பாஸ்டரும் சபையிலிருந்து ஆறு பேரும் வீட்டுக்கு வந்து, அவள் தலையில் கைவைத்து ஒரு மணிநேரம் ஜெபித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வலி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் மூன்று மாடி படியேறி வந்து, மூச்சு வாங்காமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சபையில் ஆராதனையின் நடுவில் கால்மணி நேரம் சாட்சி வேளை. ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். இருபது வருஷத்தில் ஒருநாளும் எழுந்திராத லிஃப்ட்காரர் அன்றைக்கு எழுந்தார். மனைவியின் முதுகுவலி போய்விட்டது என்று சொன்னார். "ஆமென்" என்று சபை முழங்கியது. அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த ஆமென் காதில் விழுந்ததும் அவருக்கு என்ன வந்ததோ, கண் காது மூக்கு வைக்க ஆரம்பித்துவிட்டார். கட்டி இருந்த சுவடே இல்லை என்றார். டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனார் என்றார். "மாத்திரையெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டுட்டோம். இனிமே எங்களுக்கு வைத்தியர் அவர் ஒருத்தர்தான்" என்று முடித்தபோது அறுநூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மத்தியானத்து மாத்திரை அந்தப் பைக்குள்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள்.

"நான் எப்பங்க மாத்திரையைக் குப்பையில போட்டேன்? காலையில தண்ணி எடுத்துக் குடுத்ததே நீங்கதானே?"

"அது ஒரு வேகத்துல வந்திருச்சு."

"டாக்டர் எப்ப ஆச்சரியப்பட்டாரு?"

"அடுத்த வாரம் ஸ்கேன் பாத்தா ஆச்சரியப்படத்தானே போறாரு. ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்டேன். இதுக்குப் பேருதான் விசுவாசம்."

"எங்க கடையில இதுக்கு வேற பேரு" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. நோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டது என்று படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலி ஏன் சில நாள் விட்டிருந்தது என்று கேட்டதற்கு, சில சமயம் அப்படி விடும் என்றார். ஆனால் சாட்சி அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. யாரோ அதை வீடியோ எடுத்து, அடியில் இசை சேர்த்து, நான்கு நிமிஷமாக வெட்டி அனுப்பியிருந்தார்கள். அது கிளைச் சபைகளுக்குப் போனது, அங்கிருந்து முகம் தெரியாதவர்களின் போன்களுக்கெல்லாம் போனது. மனைவி வாந்தியெடுத்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ யாரோ கூப்பிட்டு, "அண்ணே, உங்க சாட்சியால எங்க குடும்பமே பலப்பட்டுச்சு" என்பார்கள். அவர், "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு போனை வைப்பார்.

எட்டு மாதம் இழுத்தது. சபையார் முதலில் தினமும் வந்தார்கள். "விசுவாசத்தை விட்டுடாதீங்க" என்றார்கள். நோய் ஏற ஏறப் பேச்சு மாறியது. "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது வீட்டுல இருக்கான்னு பாருங்க" என்று ஒரு அம்மா, சாகக் கிடக்கிறவளின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். "இருக்கு, இப்ப உங்களை அடிக்கணும்னு தோணுது, அது சேருமா?" என்றாள் இவள். அதன்பிறகு அந்த அம்மா வரவில்லை. மற்றவர்களும் குறைந்துபோனார்கள்.

ஒரு மத்தியானம் அவருக்குப் பொறுக்கவில்லை. "நீ மட்டும் எப்படி இன்னும் ஜெபம் பண்றே?" என்று கேட்டார்.

"ஜெபமா? சண்டை போட்டுட்டிருக்கேன். தினமும்தான். சண்டை போடணும்னாலும் எதிர்ல ஆள் இருக்கணும்ல" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிடுங்க. நான் போறதுக்குள்ள. எனக்கு வெட்கமா இருக்கு. ஆண்டவருக்கும் வெட்கமாத்தான் இருக்கும்" என்றாள்.

"சரி" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் தம்ளரைக் கழுவப் போன நேரத்தில் அவள் போய்விட்டாள். சாட்சி திரும்ப வாங்கப்படவில்லை. அடக்கத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாஸ்டர் நன்றாகத்தான் பேசினார். சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் ஒரு வருஷம் லிஃப்ட்காரர் வாய் திறக்கவில்லை. மனிதர்களிடம் பேசினார், வேலைக்குத் தேவையான அளவுக்கு. மேலே மோட்டார் அறையில் ஸ்பேனரை எடுத்து நேராக வேலையைத் தொடங்கினார். ஆண்டவர் இருக்கிறாரா இல்லையா என்று யோசிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. இருந்தால் பேச விருப்பமில்லை, இல்லாவிட்டால் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்குச் "சரி" என்று சொன்னது அவ்வப்போது தொண்டையில் வந்து நிற்கும். செத்தவளுக்கு இனிமேல் என்ன வெட்கம் என்று விழுங்கிவிடுவார். வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் முற்பகல், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கொண்டுபோகும் லிஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கே உரசுகிறது என்று கேட்பதற்காக உள்ளே நின்றபடியே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். நான்காம் மாடியில் கதவு திறந்தது. ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, தையற்கடையிலிருந்து நேராக வந்திருப்பார் போல. நாற்காலியில் அவர் மனைவி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில் கிடந்தது.

"ஏத்தலாமாண்ணே?"

"ஏத்துங்க. சக்கரத்து பிரேக்கைப் போட்டுக்குங்க."

தையற்காரர் அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பி முகத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணே, நீங்க அந்தச் சாட்சி அண்ணன்தானே? மாத்திரையைக் குப்பையில போட்டோம்னு சொன்னீங்களே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க கிளைச் சபை. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி, பெயின்ட் கடை மாடியில. உங்க சாட்சியைக் கேட்டுத்தான் இவ பிரஷர் மாத்திரையை நிறுத்துனா. தினமும் காலையில அதைப் போட்டுக் கேப்பா. ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் இப்படி."

தையற்காரர் திட்டுவார் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். அந்த மனுஷன் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"எங்க விசுவாசம்தான் பத்தலைண்ணே. உங்களை மாதிரி முழுசா இருந்திருக்கணும். உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்கள்ல?"

நாற்காலியில் இருந்தவளும் கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. தனக்குக் கிடைக்காதது இன்னொருத்திக்காவது கிடைத்ததா என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

"இருக்காங்க" என்றார் லிஃப்ட்காரர்.

கீழ்த்தளம் வந்தது. "எங்க ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்கண்ணே" என்றபடி தையற்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

மோட்டார் அறைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. தரையில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக அடைத்துக்கிடந்த வாய் அங்கே திறந்தது. "இருக்காங்கன்னு சொல்லிட்டேன். மண்ணுக்குள்ள இருக்கிறவளை இருக்காங்கன்னு சொல்லிட்டேன். உம்ம பேரைக் காப்பாத்துறேன்னு கிளம்பி அவளையும் பொய்யாக்கிட்டேன், அந்த நாற்காலியில இருந்த பொண்ணையும் முடக்கிப் போட்டுட்டேன். நீரும் சும்மாதானே இருந்தீரு? அவ முதுகு வலியில துடிச்சப்ப சும்மா இருந்தீரு. நான் சபையில உளறுனப்பவும் சும்மா இருந்தீரு. என் நாக்கையாவது கட்டியிருக்கலாமே?" என்று கத்தினார். கத்தியது மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்கவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் யாரிடமோதான் கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது பாதியில் அவருக்கு உறைத்தது. மனைவி சொன்ன சண்டை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்துக் கீழே ஓடி ஒவ்வொரு மாடியாகத் தேடினார். அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

சாயங்காலமே பாஸ்டரைப் போய்ப் பார்த்தார். பாஸ்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க வீட்டம்மாவுக்காக நான் இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன். அது யாருக்கும் தெரியாது. எனக்கும் பதில் வரலை" என்றார். பிறகு, "இப்பப் போய் மேடையில நின்னு பொய்ன்னு சொன்னா ஜனங்க விசுவாசத்துல இடறிப் போயிடுவாங்க. அந்த வீடியோவைச் சத்தமில்லாம எடுத்துடச் சொல்றேன்" என்றார்.

"சத்தமாச் சொன்னது பாஸ்டர். சத்தமில்லாம எப்படி எடுக்கிறது? எத்தனை போன்ல இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கயிறு அறுந்திருக்குன்னு தெரிஞ்சும் போர்டு மாட்டாம வர்றவன் மெக்கானிக்கே இல்ல."

"ஆண்டவர் பேரு கெட்டுப்போகுமே?"

"அவரு பேரை நான் பாத்துக்கிறேன்னு கிளம்பித்தான் இவ்வளவும்."

பாஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நான் தடுக்கலை. ஆனா கூட வரச் சொல்லாதீங்க. எனக்கு அந்த தைரியம் இல்ல" என்றார். அந்த மட்டுக்கும் அவர் உண்மையைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் பெயின்ட் கடை மாடிக்குப் போனார். நீளமான ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், நூறு பேர் இருக்கும். தையற்காரர் அவரைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, "சாட்சி அண்ணன் வந்திருக்காரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, இவர் வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் முதல் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். தனியாகக் கூப்பிட்டு முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். அதற்கு வழியே கொடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் சபையை நடத்துகிறவர் மைக்கைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிட்டார். நூறு பேரும் கைதட்டினார்கள்.

அவர் எழுந்து நின்றார்.

"நான் சொன்ன சாட்சியில வலி போச்சுன்றது மட்டும்தான் உண்மை. அதுவும் சில நாள்தான். மீதியெல்லாம் நான் சேர்த்தது. மாத்திரையைக் குப்பையில போடலை. அன்னைக்குக் காலையிலகூட என் கையாலதான் குடுத்தேன். டாக்டர் ஆச்சரியப்படலை. என் மனைவி செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார். "அவ நம்பிக்கை குறைஞ்சு சாகலை. கடைசி வரைக்கும் அவரை விடலை. நான்தான் விட்டேன். இப்ப மறுபடியும் அவர்கிட்ட பேசுறேன், அதுவும் சண்டைதான். அவரு ஏன் சுகமாக்கலைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இனிமே பேசமாட்டேன். என் சாட்சியைக் கேட்டு யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, அது ஆண்டவர் சொன்னது இல்ல, நான் சொன்ன பொய். மன்னிச்சிருங்க."

ஒரு ஆமென் இல்லை. முதல் வரிசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவள், அசைகிற ஒரே கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தையற்காரர் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் திருப்பினார், இரண்டடி தள்ளினார், நின்றார்.

"லிஃப்ட்லயாவது சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். சத்தம் போடவில்லை. "நாலு நாளா இவகிட்ட, அந்தம்மா நல்லா இருக்காங்களாம், அந்தம்மா நல்லா இருக்காங்களாம்னு சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டுறேன்."

லிஃப்ட்காரர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வெளியே வந்தார். படிக்கட்டில் பெயின்ட் வாடை குப்பென்று அடித்தது. பாதிப் படி இறங்கியிருப்பார், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அடிக்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தார். அடிக்கட்டும் என்று நின்றார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞர். உதடு காய்ந்திருந்தது. ஹாலிலிருந்து வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, என் பொண்ணுக்கு வலிப்பு. ஆறு வயசு. உங்க வீடியோவைப் பாத்துட்டு ஏழு வாரமா மாத்திரை குடுக்கலை. இன்னைக்குக் காலையில ரெண்டு தடவை கை வெட்டி இழுத்துச்சு. சோதனைதான், தாங்கிட்டா ஜெயம்னு சபையில சொன்னாங்க. நானும் தாங்கிட்டிருந்தேன்." படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இப்ப என்னண்ணே பண்ணணும்?"

"பிள்ளை எங்க?"

"உள்ள. அவங்கம்மா மடியில தூங்குது."

"தூக்கிட்டு வாங்க. வீட்டுக்கெல்லாம் போக வேணாம், நேரா ஆஸ்பத்திரி. நான் கீழ டாக்ஸி பிடிக்கிறேன்."

அவர் தெருவுக்கு ஓடி டாக்ஸியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். புருஷனும் பெண்சாதியும் படியிறங்கி வந்தார்கள். பிள்ளையின் தலை தகப்பன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் தகப்பன் நின்றுவிட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டு ஏறலாமா?"

"ஏறுங்க" என்றார் லிஃப்ட்காரர். "வண்டியில பண்ணிக்கலாம்."